அக்காவின் பெயரில்

ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். மூத்தவள் மூன்றாம் மாடியில் பெண்கள் வார்டு நர்ஸ். இளையவளுக்குக் கீழே, கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்த சலவைக்கூடத்தில் வேலை. காலை ஷிப்ட் ஒன்றாக அமைந்த நாட்களில் ஒரே குடையில் கிளம்புவார்கள். நர்ஸ் உயரமாதலால் குடை அவள் கையில் இருக்கும். இளையவளின் தோள் நனையும். அவள் வாயைத் திறக்கமாட்டாள். நர்ஸ்தான் பார்த்துவிட்டு அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் மழை பிடித்தால் விடுவதாக இல்லை. மழைக்காலம் வந்தால் சலவைக்கூடத்துக்கு உயிர் போய் உயிர் வரும். மொட்டைமாடிக் கொடிகளில் காய வேண்டிய துணியெல்லாம் உள்ளே வந்து குவியும். உலர்த்துகிற மெஷின் இரண்டு. அதில் ஒன்று எப்போதும் மக்கர். மனிதர்கள் நடக்கிற வழியிலெல்லாம் ஈர விரிப்புகள் தொங்கும். குனிந்து குனிந்து போகவேண்டும். இளையவள் தள்ளுவண்டியோடு வார்டு வார்டாகப் போய் அழுக்கு விரிப்புகளை வாரிக்கொண்டு வருவாள். ரத்தக்கறை தனி, மருந்துக்கறை தனி, ஆபரேஷன் பச்சைத்துணி தனி என்று பிரிப்பாள். சலவையானதை மடித்து மறுபடி மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ப்ளீச்சிங் பவுடர் வாடை அவள் தலைமுடியிலேயே குடியிருந்தது. அவள் புருஷன், இளையவன், வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் நகக்கண்ணில் சிமென்ட். வீட்டில் இரண்டு வாடையும் பழகிப்போயிருந்தன.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் இளையவள் சலவைக்கூடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஸ்ட்ரெச்சர் வரும் வரை காத்திருக்காமல் கூட வேலை பார்த்தவர்கள் அவளை அவளுடைய துணி வண்டியிலேயே தூக்கிப் படுக்கவைத்து லிப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே ஆபரேஷன். கண் விழித்தபோது வயிற்றில் ஒரு கட்டி இருந்ததாகவும் எடுத்தாகிவிட்டதாகவும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் பழையபடி வேலைக்கு வந்துவிட்டாள்.

நர்ஸுக்கு வம்பு ஒரு திங்கட்கிழமை வந்தது. சாவியம்மா கூப்பிடுவதாக ஆள் வந்து சொன்னான்.

சாவியம்மா என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பட்டப்பெயர். கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம், நுழைந்தால் எதுவரை போகலாம் என்று பார்ப்பது அவள் வேலை. புதிதாக ஒருவர் சேர்ந்தால் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பாள். மருந்துக்கடைக்காரருக்கு மருந்துச்சீட்டு தெரியும், எக்ஸ்ரே தெரியாது. கணக்குப் பிரிவுக்குப் பில் தெரியும், வியாதி தெரியாது. ஒருவர் வார்டு மாறினால் பழைய அனுமதியைப் பிடுங்கிப் புதியதைக் கொடுப்பாள். வேலையை விட்டுப் போனால் அன்று மாலைக்குள் கதவைச் சாத்திவிடுவாள். ஐம்பதை நெருங்கும் வயது. கண்ணாடி மூக்கின் நுனியில்தான் நிற்கும். யாரிடமும் எரிந்து விழமாட்டாள்; ஆனால் ஒரு விஷயம் புரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

உட்காரச் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். நர்ஸின் பெயரில் ஒரு நோயாளியின் ஃபைல் பல தடவை திறக்கப்பட்டிருக்கிறது. அந்த நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி மாதங்கள் ஆகின்றன. அதோடு, நோயாளியின் வீட்டு விலாசமும் நர்ஸின் விலாசமும் ஒன்று.

"உங்க ஓரகத்தி ஃபைல் சிஸ்டர்," என்றாள் சாவியம்மா.

நர்ஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். தான் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். சொந்தக்காரர்களின் ஃபைலை வேலைக் காரணமில்லாமல் திறந்தால் சீட்டு கிழியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. அதற்கு முந்தின வருஷம்தான் பக்கத்து வீட்டுக்காரரின் வியாதியைப் பார்த்துத் தெருவில் சொன்ன ஒருவரை அனுப்பியிருந்தார்கள். ஆனால் நர்ஸ் பயந்தது வேலைக்காக மட்டுமில்லை. அந்த ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இளையவளுக்கு இருந்தது கட்டி இல்லை. கரு, கருப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்துவிட்டது. உயிரைக் காப்பாற்ற அந்தக் குழாயை எடுத்தார்கள். மறுபக்கத்துக் குழாயும் சரியில்லை, இயல்பாகக் குழந்தை தங்குவது கஷ்டம் என்று டாக்டர் இளையவனைக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் வார்டு வராந்தாவில் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுக்குத் தெரியவேண்டாம் அண்ணி என்றான். மாமியாரும் அதையே சொன்னாள். வெளியூர் லாரி ஓட்டும் மூத்தவன் ஃபோனில் சரி என்றான். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்தவளிடம் இதை எப்படிச் சொல்வது? கட்டி என்று சொல்வதென முடிவானது. நர்ஸும் அப்படியே சொன்னாள்.

இப்போது யாரோ அதைத் தன் பெயரில் திறந்து பார்த்திருக்கிறார்கள். எந்த நேரத்தில், எங்கே போய்ச் சொல்வார்களோ.

"நீங்க திறக்கலைன்னா உங்க பேரை யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள் சாவியம்மா.

"யாருக்கும் கொடுக்கலை மேடம்."

சாவியம்மா திரையில் இருந்த பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். விஷயம் மேலே போகவேண்டியதுதான், ஆனால் அதற்கு முன்னால் தனக்கு ஒன்று புரியவேண்டும் என்றாள். வேவு பார்க்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் பில்லைப் பார்ப்பார்கள், வயதைப் பார்ப்பார்கள், வாய் ஊறிப்போய் அடுத்த ஃபைலுக்குத் தாவுவார்கள். இந்த ஆள் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்துக்குப் போயிருக்கிறார்: ஆபரேஷன் குறிப்பு. அங்கேயே நின்றிருக்கிறார். வேறு எதையும் தொடவில்லை.

"இது வம்புக்கு அலையிற ஆள் மாதிரி தெரியலை சிஸ்டர். பாடம் படிக்கிற ஆள் மாதிரி இருக்கு."

மறுநாள் காலை சாவியம்மா வார்டுக்கே வந்துவிட்டாள். மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் இருப்பதில் நர்ஸுகளுக்கு முதலில் கை கால் ஓடவில்லை. பிறகு வேலை அவளை மறக்கவைத்தது. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தவள் கூப்பிட்டாள்; வாந்தி எடுத்தவளுக்குப் பேசின் வேண்டியிருந்தது; ஒரு கிழவி ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்கிறது என்று திட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் குறிக்கவேண்டும். எல்லோரும் ஒரே திரையில்தான் குறித்தார்கள். திரையின் மேலே நர்ஸின் பெயர் நின்றது.

ஏன் அவரவர் பெயரில் போகவில்லை என்று சாவியம்மா தலைமை நர்ஸிடம் கேட்டாள். தலைமை நர்ஸ் நேரடியாகச் சொல்லிவிட்டாள். கடவுச்சொல் போட்டால் ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் போட்டால்தான் கதவு திறக்கும். ஆனால் வார்டுக்குள் ஃபோன் கூடாது, லாக்கரில் வைக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. ஒவ்வொரு ஊசிக்கும் லாக்கருக்கு ஓட முடியுமா? அதனால் காலையில் முதலில் வருகிறவள் லாக்கர் அறையில் நம்பரைப் பார்த்துவிட்டு வந்து திறந்துவைப்பாள். மத்தவர்கள் அதிலேயே வேலை செய்வார்கள். முதலில் வருகிறவள் பெரும்பாலும் இந்த நர்ஸ்தான்.

ஃபோனுக்கு நம்பர் வரவேண்டும் என்று ஏற்பாடு செய்ததே சாவியம்மாதான். அதற்காக மேலிடத்தில் பாராட்டும் வாங்கியிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே முகமும் சுருங்கியது.

"பூட்டு மேல பூட்டா போட்டிருக்கேன். நீங்க காலையிலேயே கதவையே கழட்டி ஓரமா வச்சிடுறீங்க."

"எங்களுக்கு வேற வழி சொல்லுங்க மேடம்," என்றாள் தலைமை நர்ஸ்.

அப்படியென்றால் அந்தத் திரைக்குப் பக்கத்தில் போன யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். சாவியம்மா ஸ்டூலிலேயே உட்கார்ந்து யார் யார் வந்து போகிறார்கள் என்று பார்த்தாள். டாக்டர்கள், சாப்பாட்டு வண்டி, தரை துடைப்பவள், துணி வண்டி. இளையவள் விரிப்புகளை வாரிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் நர்ஸ் விஷயத்தைப் பாதி சொன்னாள். மாமியார் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். இளையவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தன் பெயரில் ஒரு ஃபைலைத் திறந்துவிட்டார்கள், வேலை போனாலும் போகும் என்று நர்ஸ் சொன்னதும் மாமியார் அந்தப் பாவி யாராக இருந்தாலும் நாசமாய்ப் போகட்டும் என்றாள்.

"யாரோட ஃபைல் அக்கா?" என்று திரும்பாமலே கேட்டாள் இளையவள்.

"யாரோ ஒரு பேஷண்ட்."

தேய்க்கிற சத்தம் நின்றது. இளையவள் திரும்பி நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து மீதிப் பாத்திரத்தைக் கழுவி முடித்தாள்.

மறுநாள் காலை சாவியம்மாவின் அறை வாசலில் நனைந்த செருப்போடு இளையவள் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, தரை ஈரமாகிவிடும் என்றாள். சாவியம்மா எழுந்து போய்க் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மேடம், அந்த ஃபைலைத் திறந்தது நான். அக்காவுக்குத் தெரியாது."

"யாரோட ஃபைல்னு தெரிஞ்சுதான் திறந்தீங்களா?"

"தெரியும். என்னோடதுதான்."

சாவியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இத்தனை வருஷத்தில் திருட்டுத்தனமாகத் தன் ஃபைலையே படித்த ஆளை அவள் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டாள்.

"எங்க அத்தை கேக்கிறதை நிறுத்திட்டாங்க மேடம்," என்றாள் இளையவள். "கல்யாணம் ஆனதுல இருந்து மாசா மாசம் கேப்பாங்க. ஏதாவது விசேஷமான்னு. எரிச்சலா இருக்கும். ஆபரேஷன் ஆகி வந்தப்புறம் ஒரு மாசம் கேக்கலை. சரி, உடம்பு தேறட்டும்னு விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். அடுத்த மாசமும் கேக்கலை. பக்கத்து வீட்டுக் குழந்தையை நான் தூக்கினா எல்லாரும் வேற பக்கம் பாக்கிறாங்க. இவரு வேலை முடிஞ்சு வந்து நான் துவைக்கிற துணியை வாங்கித் துவைக்கிறாரு. ஒரு கட்டிக்கு இவ்வளவு மரியாதை எதுக்குன்னு தோணிச்சு."

அதன்பிறகு அவள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மருந்துச்சீட்டில் அவளுடைய நோயாளி எண் இருந்தது. நர்ஸுகள் எண்ணைத் தட்டி ஃபைலை எடுப்பதைத் துணி வாரும்போது தினம் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் எல்லோரும் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றபோது தட்டிப் பார்த்தாள். வந்துவிட்டது. ஆனால் டாக்டர் எழுதியது எதுவும் விளங்கவில்லை. அதனால் போகிற நாளெல்லாம் ஒரு வார்த்தை. துணியில் அடையாளம் போடுகிற பேனாவால் மணிக்கட்டில் எழுதிக்கொள்வாள். கீழே போய் ஃபோனில் தேடிப் பார்ப்பாள். பிறகு ப்ளீச்சிங் தண்ணீரில் கையை விட்டால் அழிந்துவிடும். 'கர்ப்பம்' என்ற வார்த்தை விளங்கிய நாள் மெஷின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நாள் வரைக்கும் தான் கர்ப்பமாக இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"அதுக்கப்புறமும் ஏன் திரும்பத் திரும்பப் போனீங்க?"

"மீதி வார்த்தை இருந்துச்சே மேடம்."

சாவியம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, கீழ்த்தளத்தில் ஆவணப் பிரிவு என்று ஒரு ஜன்னல் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் அவரவர் ஃபைலைக் கொடுக்கவேண்டும் என்று சொன்னாள்.

"கேட்டா கொடுப்பாங்களா?"

"கொடுத்தே ஆகணும். அது உங்க ஃபைல்."

"இதை யாரும் சொல்லலையே."

யார் எதைப் பார்க்கக்கூடாது என்று எத்தனையோ அறிக்கை சாவியம்மா எழுதியிருக்கிறாள். இதை எங்கேயும் எழுதி ஒட்டியதாக நினைவு வரவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி மேலே எழுதவேண்டியிருக்கும், அடுத்தவர் பெயரில் போனது போனதுதான் என்று மறைக்காமல் சொன்னாள்.

"எழுதுங்க மேடம். பார்த்தது அக்கா இல்லைன்னு மட்டும் பெரிசா எழுதுங்க."

மத்தியானத்துக்குள் நர்ஸுக்குச் செய்தி போய்விட்டது. சாயங்காலம் மழை கொட்டியதால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த பஸ் நிழற்குடையில் ஒதுங்கினார்கள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"என் வேலைக்கு உலை வைக்கப் பாத்தியே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

"கேட்டேன் அக்கா. ஆபரேஷனுக்கு மறுநாள். நீங்கதான் தலைமாட்டுல உக்காந்திருந்தீங்க. கட்டின்னு சொன்னீங்க. நேத்து கேட்டேன், யாரோ ஒரு பேஷண்ட்டுன்னு சொன்னீங்க."

பஸ் ஒன்று வந்து நின்று, ஏறாதவர்களை முறைத்துவிட்டுப் போனது. நர்ஸ் குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். மற்ற நோயாளிகள் என்றால் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாக எல்லாம் சொல்கிறவள் அவள். வார்டில் அதற்காகவே அவளுக்கு நல்ல பெயர்.

"உன் வீட்டுக்காரர் அழுதாரு. என்னால மீற முடியலை," என்றாள்.

"அவர் அழுதது எனக்கும் சங்கடந்தான். ஆனா வெட்டினது என் வயித்தை அக்கா."

நர்ஸ் அவள் தோளைத் தொடப் போய், தொடலாமா என்று தயங்கினாள். இளையவள் நகரவில்லை. இரண்டு பேரும் மழை குறையும் வரை அப்படியே நின்றுவிட்டு நடந்தார்கள்.

வீட்டில் இளையவன் பின்வாசல் குழாயடியில் கால் சிமென்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் ஈரப்புடவையோடு நேராக அவனிடம் போனாள். அத்தை கேட்பதை நிறுத்தியதில் சந்தேகம் வந்து ஃபைலைப் படித்துவிட்டதாகச் சொன்னாள். அவன் கையிலிருந்த கல் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதை எடுப்பதுபோலக் குனிந்தவன் நிமிரவில்லை.

"உனக்குத் தெரியலைன்னா நீயாவது சிரிச்சுக்கிட்டு இருப்பேன்னு நினைச்சேன்," என்றான் கடைசியில்.

"நான் எங்க சிரிச்சேன்? இத்தனை மாசமா நீங்க என் மூஞ்சியைப் பாக்கவே இல்லையே."

மாமியார் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கேட்டாலும் குத்தம், கேட்காவிட்டாலும் குத்தம் என்று யாருக்கோ சொல்வதுபோல முணுமுணுத்தாள். பிறகு உள்ளே போய் உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்துவந்து இளையவளின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். இளையவள் முதலில் விறைத்து நின்றாள். துண்டுக்குள் அழுகிற சத்தம் கேட்டதும் இளையவன் எழுந்து பக்கத்தில் வந்தான். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டார்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஃபோனில் மூத்தவனுக்கும் விஷயம் சொல்லப்பட்டது.

விசாரணை பெரிதாகப் போகவில்லை. திறந்த திரையை விட்டுவிட்டுப் போனதற்காக நர்ஸுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. இளையவள் கொஞ்ச காலம் வார்டுப் பக்கம் போகக்கூடாது, கீழே இஸ்திரி மெஷினில் நிற்கவேண்டும் என்று சொன்னார்கள். மழைக்காலத்தில் அந்தச் சூடு நல்லதுதான் என்று அவள் ஏற்றுக்கொண்டாள். சாவியம்மா தன் அறிக்கையில் தன் தப்பையும் எழுதியதாகப் பேச்சு. ஃபோனுக்கு நம்பர் வரும் ஏற்பாடு வார்டுகளில் நீக்கப்பட்டது. கழுத்தில் மாட்டியிருக்கும் அட்டையைத் தட்டினால் திரை திறக்கும். நகர்ந்து போனால் தானே மூடிக்கொள்ளும். ஊசி போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மூடிக்கொள்கிறது என்று தலைமை நர்ஸ் அதற்கும் சண்டைக்குப் போனாள். சாவியம்மா மறுபடி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்த்தாள்.

ஆவணப் பிரிவு ஜன்னலுக்கு இளையவள் ஒரு வியாழக்கிழமை, ஷிப்ட் முடிந்ததும் போனாள். உள்ளே இருந்தவர் ஃபைல் எண்ணைத் தட்டிக்கொண்டே, பேஷண்டுக்கு நீங்கள் என்ன உறவு என்று வழக்கமாகக் கேட்டார். நான்தான் பேஷண்ட் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அச்சடித்த தாள்களைக் கோத்துக் கொடுத்தார். கூடவே டாக்டரைப் பார்க்க ஒரு நேரமும் குறித்துத் தந்தார்.

டாக்டரைப் பார்க்க இளையவனும் வந்தான். நகத்தையெல்லாம் தேய்த்துக் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். அறையில் இரண்டு நாற்காலி. அவன் உட்காராமல் சுவரோரம் நின்றான். டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, அன்றைக்கே உங்களிடம் சொன்னேனே என்று ஆரம்பித்தார். அவன் மனைவியைப் பார்த்தான்.

"டாக்டர், என்னைப் பாத்துச் சொல்லுங்க," என்றாள் இளையவள்.

டாக்டர் ஒரு நிமிஷம் பேனாவை உருட்டினார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் வரைந்தார். இது கருப்பை, இது எடுத்த குழாய், இது மிச்சமிருக்கிற குழாய். மிச்சமிருப்பது அடைத்துப் போகவில்லை, ஒட்டிக்கொண்டு மடங்கியிருக்கிறது. வாய்ப்புக் குறைவு என்றுதான் எழுதியிருக்கிறேன், இல்லை என்று எழுதவில்லை என்றார். அவள் இத்தனை நாளும் அந்த வார்த்தைக்கு இல்லை என்றே அர்த்தம் வைத்திருந்தாள். அது எத்தனை வாரக் கரு என்று கேட்டாள். ஏழு இருக்கும் என்றார். சுவரோரம் நின்றவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எத்தனை வாரம் என்று அதுவரை அவன் டாக்டரிடம் விசாரித்ததே இல்லை.

"வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமாம்மா?" என்றார் டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றபடி.

"நிறைய இருக்கு டாக்டர்," என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்காரும்படி புருஷனுக்குக் கை காட்டினாள். தன் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அச்சடித்த ஃபைல் தாளின் முதல் வரியிலேயே விரலை வைத்தாள்.